வெடியா, சும்மாவா

அல்கலி பிளாட் ஊரில் வெர்லா யோர்கென்சனைத் தெரியாதவர் கிடையாது. ஐம்பத்தெட்டு வயது, ஆறு பிள்ளை பெற்ற உடம்பு, சர்ச்சில் மூன்றாவது வரிசை. ராக்கெட் எரிபொருள் செய்கிற ஆலையின் சோதனைக்கூடத்தில் இருபத்தேழு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவள். என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "எடை விழுறதைக் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்பாள். கேட்டவன் கேலி என்று நினைத்துச் சிரிப்பான். கேலி இல்லை ஐயா, வேலையே அதுதான்.

எரிபொருளில் சேருகிற ஒவ்வொரு பொடியும், கலந்து பிசைந்த ஒவ்வொரு மாவும் முதலில் அந்தக் கூடத்துக்கு வந்தாகணும். ஒருத்தர் அதைக் கடுகளவு எடுத்துச் சூடாக்கி, எத்தனை டிகிரியில் அதற்குக் கோபம் வருகிறது என்று பார்ப்பார். இன்னொருத்தர் அதைக் குச்சியாக வார்த்து, இரும்புக் கலத்துக்குள் அழுத்தத்தில் கொளுத்தி, வினாடிக்கு எவ்வளவு தூரம் எரிகிறது என்று அளப்பார். வெர்லாவின் பங்கு அடி. சதுரமாக வெட்டிய உப்புத்தாளில் ஒரு சிட்டிகை பொடி, அதன்மேல் ஓர் எஃகுக் குமிழ், அதற்கு நேர் மேலே காந்தத்தில் தொங்குகிற இரண்டரைக் கிலோ எடை. பொத்தானை அழுத்தினால் எடை விழும். பொடி வெடித்தால் "வெடி" என்று சொல்வாள். வெடிக்காவிட்டால் "சும்மா". வெடி என்றால் அடுத்த தடவை எடையை ஒரு படி இறக்கணும், சும்மா என்றால் ஒரு படி ஏற்றணும். இருபத்தைந்து தடவை இப்படி ஏறி இறங்கினால் நடுவில் ஓர் உயரம் வந்து நிற்கும். உயரம் குறைவென்றால் பொடி முன்கோபி. அதிகமென்றால் சாது.

முழுசாக வெடித்தால் யாருக்கும் கேட்கும், அதற்கு வெர்லா வேண்டாம். பாதி வெடிக்கிற பொடிதான் சங்கடம். இரும்பு இரும்பில் விழுகிற 'டொக்' சத்தத்துக்குள்ளேயே, மெலிசாக, ஒரு 'சிட்' ஒளிந்திருக்கும். அதைப் பிரித்துக் கேட்கணும். பெரிய ஆலைகளில் இதற்கு ஒலிவாங்கி வைத்திருக்கிறார்கள். இங்கே வெர்லா இருந்தாள். ஒலிவாங்கி வாங்கலாமா என்று பேச்சு வந்தபோதெல்லாம், "வெர்லா காது இருக்க அது எதுக்கு?" என்று மேலே இருப்பவர்களே ஒதுக்கிவிட்டார்கள்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து தாளில் குறிக்கிறவன் ஆர்வில். நாற்பது வயது, சாது, வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. அந்தக் கூடத்தில் ஒரு கட்டு உண்டு. எழுதுகிறவன் அபிப்பிராயம் சொல்லக்கூடாது. கேட்கிறவள் சொன்னதை எழுதணும், அவ்வளவுதான். இரண்டு வாய் பேசினால் ஒன்றை ஒன்று இழுக்கும், கணக்குக் கெடும் என்று எந்தக் காலத்திலோ ஒருவர் போட்ட கட்டு. அதை யாரும் மீறினதில்லை.

வெர்லா சொல்கிற எண் தாளோடு நிற்காது. அங்கிருந்து ஏழு மைல் தள்ளி, மண்மேடுகளுக்கு நடுவில் கலவைக் கூடம் இருக்கிறது. கலக்கும்போது ஒருத்தரும் உள்ளே இருக்கமாட்டார்கள். கலந்து மாவை வார்த்து முடிந்த பிறகு, அண்டாவின் ஓரத்தில் ஒட்டியிருப்பதை யாராவது சுரண்டித்தானே ஆகணும்? இருபத்தைந்து சென்டிமீட்டருக்கு மேலே எண் வந்த மாவென்றால் ஆள் உள்ளே போய் பிளாஸ்டிக் கரண்டியால் கையாலேயே சுரண்டலாம். அதற்குக் கீழே என்றால் தொலைவில் நின்று தண்ணீரைப் பீய்ச்சி ஊறவைக்கணும். அதற்கு ரெண்டு நாள் பிடிக்கும், கூடமே முடங்கிவிடும். கையால் சுரண்டுகிற நாலு பேரில் ஒருத்தி கோரலீ. முப்பத்தொரு வயது. வெர்லாவின் மூன்றாவது மகள்.

இதை எல்லாரும் ஒரு பெருமையாகத்தான் சொன்னார்கள். அம்மா காது கொடுக்கிறாள், மகள் கை கொடுக்கிறாள் என்று. கோரலீயும் புதுசாக வருகிறவர்களிடம், "பயப்படாத, இது எங்கம்மா கேட்டுப் பார்த்த மாவு" என்று சொல்வாள்.

அந்தக் காதுக்கு என்ன ஆச்சு என்று கேட்டால், என்ன ஆகும்? ஒரு நாளைக்கு ஐம்பது, நூறு என்று இருபத்தேழு வருஷம் அடி அடியாகக் கேட்ட காது. மற்ற அறைகளில் எல்லாரும் காதுக்கு மூடி போட்டுக்கொண்டார்கள். இவள் மூடி போட்டால் வேலையே இல்லை. முதலில் மைக்ரோவேவ் கூப்பிடுவது கேட்காமல் போனது. அப்புறம் கோடையில் சில்வண்டு. "இந்த வருஷம் வண்டே காணோமே" என்று அவள் சொல்ல, புருஷன் மெரில் முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். "காது கிழியுதுடி, காணோம்ங்கிற?" என்றான். அவள் சிரித்துச் சமாளித்தாள். மெரில் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் அஞ்சு நாள் வயோமிங் பக்கம் போய்விடுவான். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

வருஷத்துக்கு ஒரு முறை காதுச் சோதனை வண்டி வரும். சின்னப் பெட்டிக்குள் உட்கார வைத்து, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்து என்பார்கள். பெட்டிக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். வெளியே நர்ஸ் விசையைத் தட்டுகிறபோது அவள் முழங்கை லேசாக அசையும். வெர்லா கண்ணை மூடிய மாதிரி வைத்துக்கொண்டு அந்த முழங்கையைப் பார்த்தாள். காது மங்கத் தொடங்கின அந்த ஆறு வருஷமும் தேறினாள். ஆலையில் பாதிப் பேர் இந்த வண்டியை ஏமாற்றுகிறவர்கள்தான், அதனால் அவளுக்கு அது பெரிய பொய்யாகவே தெரியவில்லை. மைக்ரோவேவ் வேறு, எடை வேறு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் பொய்யைப் பற்றிப் பேசினபோது கூட, மூன்றாவது வரிசையில் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் மகராசி.

இயந்திரம் காட்டிக்கொடுத்திருக்காதா என்று கேட்கலாம். கொடுத்தது. தினமும் காலையில் வேலை தொடங்கும் முன்னே, குணம் தெரிந்த ஒரு பழைய பொடியை அடித்துப் பார்ப்பார்கள். வந்த எண்ணைச் சுவரில் இருக்கும் வரைபடத்தில் புள்ளியாக வைப்பார்கள். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. புள்ளி கோட்டைத் தாண்டினால் வேலையை நிறுத்தணும். அந்தக் கோடுகளை ஒவ்வொரு ஜனவரியிலும் புதுசாகப் போடுவது வழக்கம், அதுவும் போன வருஷத்துப் புள்ளிகளை வைத்தே. காது வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் தேய்ந்தது. கோடும் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே ஏறியது. ஒரு காலத்தில் இருபத்தொன்று காட்டின பொடி இப்போது இருபத்தேழு காட்டுகிறது, ஒரு நாள் கூடப் புள்ளி கோட்டைத் தாண்டவில்லை. பழைய வரைபடங்கள் கிடங்கில் பெட்டிக்குள் கிடந்தன. நடுவில் ஒருமுறை மேலாளர் ரூலனுக்கு லேசாகச் சந்தேகம் வந்து, உப்புத்தாளை மாற்றினார், குமிழை மாற்றினார், எடையைக் கழற்றி நிறுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. நாற்காலியில் இருந்ததை மட்டும் யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

அந்த ஏப்ரலில் புது மாவு ஒன்று வந்தது. அறுபத்திரண்டாம் நம்பர் என்று பெயர். வெர்லா அடித்துப் பார்த்து இருபத்தொன்பது என்றாள். கையால் சுரண்டலாம் என்று சீட்டுப் போய்விட்டது. வியாழக்கிழமை பெரிய அண்டாவில் கலவை.

திங்கட்கிழமை எஸ்ப்லின் அவள் அறைக்கு வந்தார். சூடாக்கிப் பார்க்கிறவர் அவர்தான். பென்சில் மாதிரி ஒல்லி, எதையும் ரெண்டு தடவை சொல்கிற ஆள். கையில் நீளமான ஒரு காகிதம்.

"வெர்லா, உன் எண்ணை என் மெஷின் ஒத்துக்க மாட்டேங்குது. ஒத்துக்க மாட்டேங்குது."

"உன் மெஷினுக்கு என்னைப் பிடிக்காதுன்னு தெரிஞ்ச விஷயம்தானே."

"விளையாடாத. நூத்தி முப்பதுலயே இது எகிறுது பாரு. இவ்வளவு ரோஷக்காரப் பொடி அடிவாங்கிக்கிட்டுச் சும்மா இருக்குமா?"

"சூடு வேற, அடி வேற. உனக்குத் தெரியாததா?"

"தெரியும். இருந்தாலும் இன்னொரு தடவை அடிச்சுப் பாரேன். உனக்குக் கோபம் வந்தாலும் பரவால்ல."

அவளுக்குக் கோபம்தான் வந்தது. மடியில் கனமிருந்தால் அப்படித்தான் வரும். அவர் போன பிறகு, ஆர்வில் சாப்பிடப் போயிருந்த நேரமாகப் பார்த்துத் தனியாக ஒரு சிட்டிகையை வைத்து அடித்தாள். டொக். சும்மா. வழக்கமாகத் தாளை இடுக்கியால் எடுத்துப் பார்க்காமலே தண்ணீர் வாளியில் போட்டுவிடுவார்கள். காது சொன்ன பிறகு கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. அன்றைக்குப் பார்த்தாள். தாளின் நடுவில் மிளகளவு ஓட்டை, ஓட்டையைச் சுற்றிக் கருப்பு. மூக்கருகே கொண்டுபோனாள். பட்டாசு வாடை.

பொடி வெடித்திருக்கிறது. அவளுக்குக் கேட்கவில்லை.

நல்லவள் என்றால் அந்த நிமிஷமே ரூலனிடம் ஓடியிருக்கணும். வெர்லா நல்லவள்தான், ஆனாலும் ஓடவில்லை. அந்தத் தாளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள், இவள் பையில் மறைத்தாள். பயம் அவளைத் தின்றது. கோரலீ செத்துப்போவாளோ என்ற பயம் ஒரு பக்கம், இருபத்தேழு வருஷப் பெயர் போய்விடுமே என்ற பயம் இன்னொரு பக்கம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்த ரெண்டாவது பயமும் முதல் பயத்துக்குச் சரியாக எடை நின்றது. செவ்வாய்க்கிழமை முழுக்கப் பேசாமல் இருந்தாள். வியாழனுக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று நாளை எண்ணினாள்.

புதன்கிழமை காலை, பழைய பொடியை அடித்து முடித்ததும், அவள் நாற்காலியை ஆர்வில் பக்கம் திருப்பினாள்.

"ஆர்வில், ஒண்ணு கேக்குறேன். கட்டை மறந்துட்டுப் பதில் சொல்லு. இப்ப அடிச்சதுல, நான் சும்மான்னு சொன்ன எதுலயாவது உனக்குச் சத்தம் கேட்டுச்சா?"

ஆர்வில் பேனாவை மூடினான். திறந்தான். மறுபடி மூடினான்.

"நாலுல கேட்டுச்சு."

"நாலா?"

"அஞ்சாவது கொஞ்சம் சந்தேகம்."

"எத்தனை நாளா இப்படி?"

"நாள் இல்ல வெர்லா. வருஷம். மூணு வருஷம் இருக்கும்."

"அடப்பாவி, ஏன் சொல்லல?"

"எழுதுறவன் பேசக்கூடாதே. அதுவுமில்லாம, உங்க காதைப் பத்தி ஊரே பேசுது. எனக்கு மட்டும் கேட்டா, கோளாறு என் காதுலதான்னு நெனச்சேன். டாக்டர்கிட்டக் கூடப் போனேன். காதுல இரைச்சல் இருக்கான்னு கேட்டார். இருக்கும்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவள் அவனைத் திட்டுவதற்கு வாயெடுத்தாள். எந்த வாயால் திட்டுவது? எழுந்து தன் நாற்காலியை அவனுக்குக் கொடுத்தாள். பேனாவை அவள் வாங்கிக்கொண்டாள். அறுபத்திரண்டாம் நம்பர் மாவை எடுத்து வைத்து இருபத்தைந்து தடவை அடித்தார்கள். ஆர்வில் சொன்னான், வெர்லா எழுதினாள். வெடி, வெடி, வெடி, சும்மா, வெடி. அவன் வெடி என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அவள் காதில் விழுந்தது டொக் என்கிற இரும்பு மட்டும்தான். கூட்டிப் பார்த்தபோது பதினாறு வந்தது.

ரூலனின் அறையில் அவர் சாண்ட்விச் பிரித்துக்கொண்டிருந்தார். எண்ணைப் பார்த்தார். ஆர்வில் பெயரையும் பார்த்தார்.

"ஆர்வில் அடிச்சதா? அவனுக்கு இருமினாலே வெடின்னு தோணும். உங்க எண் இருபத்தொன்பது இருக்கு, நான் எதுக்கு இதைப் பாக்கணும்?"

"என் எண் தப்பு ரூலன்."

"உங்களுக்கு ஓய்வு வேணும், அவ்வளவுதான். ரெண்டு நாள் லீவு போடுங்க."

"நான் சொல்றதைக் கேளுங்க. எனக்குக் காது போச்சு."

அவர் சிரித்தார். இந்த வேலையில் இதைவிட நல்ல நகைச்சுவை இருக்க முடியாது என்று நினைத்திருப்பார். வெர்லா சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். "உங்க கைக்கடிகாரத்துல அலாரம் இருக்கே, அதை அடிக்க விடுங்க. எப்ப அடிக்குதோ அப்பக் கையைத் தூக்குறேன்." கண்ணில் கண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம். அப்புறம் திரும்பினாள். ரூலன் கடிகாரத்தை அவள் தோளுக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு நேரமா அடிக்குது?" என்றாள்.

அவர் தொலைபேசியை எடுத்தார். கலவைக் கூடத்தைக் கூப்பிட்டார். "நாளைக்குக் கலவையை நிறுத்துங்க" என்று ஆரம்பித்தவர் நடுவிலேயே நின்றுபோனார். வார்ப்பு அச்சு ஒரு நாள் முன்னாடியே காலியானதாம். சாதுவான மாவுதானே என்று இன்றைக்குக் காலையிலேயே கலந்து வார்த்துவிட்டார்களாம். அண்டாவில் பாதி சுரண்டியாச்சு, மீதி சாப்பாட்டுக்கு அப்புறமாம்.

"யாரும் உள்ள போகக்கூடாது. கதவைப் பூட்டு. கோரலீயைக் கூப்பிடு" என்றார் ரூலன். தொலைபேசியை வெர்லாவிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். மகள் ஏதோ சொல்கிறாள், அது தெரிகிறது. என்ன சொல்கிறாள் என்றுதான் தெரியவில்லை. "உள்ள போகாதடி, போகாத" என்று ரெண்டு தடவை சொல்லிவிட்டு, வாசலில் நின்ற ஆர்வில் கையில் தொலைபேசியைத் திணித்தாள். "என்ன சொல்றான்னு கேட்டுச் சொல்லு."

ஆர்வில் கேட்டான். ரொம்ப நேரம் கேட்டான்.

"வெளியிலதான் இருக்காளாம். ஒண்ணும் ஆகலையாம்." தொலைபேசியை வைத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினான்.

"மீதியையும் சொல்லு."

"சுரண்டும்போது கரண்டிக்கு அடியில சின்னச் சின்னதாச் சத்தம் வந்துச்சாம். கூட இருந்தவன் பயந்து வெளிய போகலாம்னானாம். கோரலீதான், எங்கம்மா எண் இருபத்தொன்பது, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லி அவனை நிக்க வச்சாளாம்."

வெர்லா ரூலனின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் கூட்டம் போட்டார்கள். அறுபத்திரண்டாம் நம்பர் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து அழித்தார்கள். வெர்லாவை நாற்காலியிலிருந்து எடுத்துக் கிடங்குக் கணக்கில் போட்டார்கள். ஒலிவாங்கி வர எட்டு வாரம் ஆகுமாம், அதுவரை ஆர்வில் கேட்பான். சரி, அந்த ஆறு வருஷத்தில் அவள் சாது என்று சொல்லி அனுப்பின மற்ற அறுபத்தொரு மாவு? அவற்றைத்தான் மாறி மாறி இன்னும் கலந்துகொண்டிருக்கிறார்கள். அதற்கு மேலிடத்திலிருந்து வந்த ஒரு கோட்டுக்காரர் பதில் வைத்திருந்தார். "ஆறு வருஷமாக் கையாலதான் சுரண்டுறோம். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. இதைவிடப் பெரிய சோதனை என்ன இருக்கு? வாரத்துக்கு ஒண்ணு மறுபடி அடிச்சுப் பாருங்க, வேலை பாட்டுக்கு நடக்கட்டும்." எஸ்ப்லின் எழுந்து ரெண்டு தடவை ஆட்சேபம் சொன்னார். ரெண்டையும் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒன்று என்றால் அறுபத்தொன்றுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்று கூட்டல் தெரிந்த எவனும் சொல்லிவிடுவான். அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் கூட்டல் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் கோரலீ அம்மா வீட்டுக்கு வந்தாள். வெர்லா உருளைக்கிழங்கும் சீஸும் போட்டுத் தட்டு நிறைய வேகவைத்திருந்தாள். கேட்கப் போகிற வசவை எல்லாம் கேட்டுக்கொள்வது என்று தயாராக உட்கார்ந்திருந்தாள். கோரலீ வையவில்லை. அம்மாவுக்கு எதிரே, உதடு தெரிகிற மாதிரி உட்கார்ந்து, மடித்த காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தாள். அறுபத்தொரு மாவின் நம்பரும் அதில் வரிசையாக இருந்தது. இந்த வேலைக்கு வந்த நாலு வருஷத்தில் தான் கையால் சுரண்டினதற்கு எதிரே டிக் போட்டிருந்தாள். டிக் இல்லாத வரி ரொம்பக் கொஞ்சம்.

பேனாவையும் எடுத்து அம்மா பக்கம் தள்ளினாள்.

"இதுல எதெல்லாம் உனக்குச் சரியாக் கேட்டுச்சு, எதெல்லாம் கேட்கலன்னு குறிச்சுக் குடும்மா."

வெர்லா காகிதத்தை இழுத்துப் பார்த்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் விரலை ஓட்டினாள். ஒவ்வொரு நம்பரும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. எந்தப் பொடி என்ன நிறம், எது கையில் ஒட்டும் என்பது கூட ஞாபகம் இருந்தது.

"தெரியலடி," என்றாள். "கேட்காதது எனக்கு எப்படித் தெரியும்?"

கோரலீ காகிதத்தை இழுத்து மடித்தாள். அப்புறம் பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகினாள்.

"திங்கக்கிழமை எனக்கு முப்பத்தி நாலாம் நம்பர்மா. காலை ஷிஃப்ட்."